நாலு இடத்துச் சீட்டு, பத்து மாத்திரை: மாசாமாசம் யார்கிட்ட எழுதி வாங்கறது?

மணிக்கூண்டு (பழைய வண்ணாரப்பேட்டை)

அப்பாவுக்கு 64 வயசு. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வெச்சு ஏழு மாசம் ஆகுது. இதயத்துக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரி. சர்க்கரைக்கும் பி.பி.க்கும் பக்கத்துத் தெரு குடும்ப டாக்டர். போன மாசம் கிட்னிக்கான ரத்தப் பரிசோதனையில கிரியேட்டினின் 1.8 வந்ததால புதுசா ஒரு கிட்னி டாக்டர். இதுக்கு நடுவுல அரசோட மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்துல இருந்து வீட்டுக்கே பி.பி. மாத்திரை வருது.

மூணு விஷயம் கேட்கணும். இதய டாக்டர் எழுதின சீட்டைக் காட்டினா மெடிக்கல்ல ஒரு மாசம் கொடுக்கிறாங்க, அடுத்த மாசம் "புதுச் சீட்டு வேணும்"ங்கிறாங்க. அந்த மாத்திரையை குடும்ப டாக்டர்கிட்டயே எழுதி வாங்கலாமா? கம்பெனி மாத்திக் கொடுத்தா வாங்கலாமா? அப்புறம், ஒவ்வொரு மாத்திரையும் ஒவ்வொரு தேதியில தீருது. எல்லாத்தையும் ஒரே நாளுக்குக் கொண்டுவர வழி இருக்கா?

மாத்திரை அட்டை (மருந்தாளுநர், தண்டையார்பேட்டை)

கடைக்காரர் வம்பு பண்றார்னு நினைக்காதீங்க தம்பி. 1945 மருந்து விதிகள்ல 65ஆவது விதி அப்படித்தான் இருக்கு. ஷெட்யூல் எச் (டாக்டர் சீட்டு இருந்தாத்தான் விக்கலாம்ங்கிற பட்டியல்) மருந்துன்னா ஒரு சீட்டுக்கு ஒரு தடவைதான். மறுபடியும் தரலாம்னு டாக்டரே அந்தச் சீட்டுல எழுதியிருந்தாத்தான் அடுத்த தடவை. எத்தனை முறை, எத்தனை நாளைக்கு ஒருமுறைன்னு எழுதியிருந்தா அந்தக் கணக்கைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு தடவையும் டாக்டர் கையெழுத்துக்கு மேல கடை பேரு, விலாசம், தேதி மூணும் பதியணும். முத்திரை குத்தாம சீட்டைத் திருப்பிக் கொடுக்கிற கடையில, போன மாசம் எத்தனை வாங்கினீங்கங்கிற கணக்கே சீட்டுல நிக்காது.

நம்ம ஆளுங்க பெரும்பாலும் தடுக்கி விழற இடம் வேற. சீட்டு அடியில "3 மாதம் கழித்து வரவும்"னு இருக்கும். அதை வெச்சு மூணு மாசத்துக்கும் மருந்து தரணும்னு சண்டைக்கு வருவாங்க. அது நோயாளிக்குச் சொன்ன தேதி, கடைக்குக் கொடுத்த அனுமதி இல்ல. இன்னொண்ணு, "சி.எஸ்.டி."ன்னு மூணு எழுத்து மட்டும் எழுதியிருப்பாங்க. பழைய மருந்தையே தொடருங்கன்னு அர்த்தம். எந்தப் பழைய மருந்துன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?

அதனால டாக்டர் அறையில இருந்து எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே, "30 நாளுக்கு ஒருமுறை, மொத்தம் 3 முறை தரலாம்"னு ஒரு வரி எழுதிக் கேளுங்க. ஒவ்வொரு மருந்துக்கும் மொத்த எண்ணிக்கை, டாக்டரோட பதிவு எண், தேதி, நோயாளி பேரு, விலாசம் இருக்கான்னு பாருங்க. அரை நிமிஷ வேலை.

அல்பிரசோலம், சோல்பிடெம், டிரமடால் மாதிரி தூக்கம், பதட்டம், கடும் வலிக்கான மருந்தெல்லாம் இன்னும் கறாரான எச்1 பட்டியல். 2014 மார்ச்சுல வந்தது. அதுக்குத் தனிப் பதிவேட்டுல டாக்டர், நோயாளி விவரம், எண்ணிக்கை எல்லாம் எழுதி மூணு வருஷம் வெச்சிருக்கணும். அங்கெல்லாம் "தெரிஞ்ச கடைதானே அண்ணே"ங்கிற பேச்சு எடுபடாது.

கம்பெனி விஷயம்: சீட்டுல பிராண்டு பேரு எழுதியிருந்தா, உள்ள இருக்கிற மருந்து அதேதான்னாலும் நாங்களா வேற பிராண்டு மாத்தித் தரக் கூடாது. இதுவும் 65லயே இருக்கு. டாக்டர் மூல மருந்துப் பெயரை எழுதியிருந்தா எந்தக் கம்பெனியும் தரலாம். முதல்வர் மருந்தகத்துலயோ மக்கள் மருந்தகத்துலயோ வாங்கிச் செலவைக் குறைக்கணும்னா மூலப் பெயர்லதான் எழுதி வாங்கணும். தைராய்டு மாத்திரை, வலிப்பு மாத்திரை, ரத்தம் உறையாம இருக்கக் கொடுக்கிற அசிட்ரோம் வகை, இந்த மூணுல மட்டும் ஒரே கம்பெனியில நில்லுங்க. மாத்த வேண்டி வந்தா டாக்டருக்குச் சொல்லிட்டு, அவர் சொல்ற பரிசோதனையைப் பண்ணிட்டு மாத்துங்க.

தெருமுனை டாக்டர் (பொது மருத்துவர், கொருக்குப்பேட்டை)

மருந்தாளுநர் சொன்னது சரி. யார் எழுதுவது என்பதற்கு வருகிறேன்.

இதய மருத்துவர் ஆரம்பித்த மாத்திரையைக் குடும்ப மருத்துவர் தாராளமாகத் தொடர்ந்து எழுதலாம். சட்டத்தில் தடை இல்லை. தயக்கம் வேறு காரணத்தால் வருகிறது: எதற்காக ஆரம்பித்தார், எப்போது நிறுத்த வேண்டும் என்பது எங்கள் கையில் இருக்கும் சீட்டில் இருப்பதில்லை. க்ளோபிடோகிரெல் (ஸ்டென்ட்டில் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை) நல்ல உதாரணம். மாரடைப்புக்குப் பிறகு ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பொதுவாக 12 மாதம். ரத்தக்கசிவு பயம் இருந்தால் இதய மருத்துவர் குறைப்பார், வேறு சிலருக்கு நீட்டிப்பார். இறுதித் தேதி தெரியாவிட்டால் இரண்டு விதமான தவறு நடக்கும். ஒன்று, பல் பிடுங்கப் போன இடத்தில் யாரோ சொன்னார்கள் என்று ஏழாவது மாதம் நிறுத்திவிடுவார்கள், ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். மற்றொன்று, யாரும் கேட்காமல் ஐந்து வருடம் ஓடும்.

ஆகவே அடுத்த முறை இதய மருத்துவரிடம் போகும்போது, குடும்ப மருத்துவருக்கு ஒரு சிறு கடிதம் கேளுங்கள். நான்கு வரி போதும்: எந்தத் தேதியில் என்ன சிகிச்சை, எந்த மருந்து எந்தத் தேதி வரை, எந்தப் பரிசோதனையை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், எந்த அறிகுறி வந்தால் உடனே அங்கே அனுப்ப வேண்டும். அந்தக் கடிதம் கையில் இருந்தால் நான் மூன்று மாதத்துக்கு எழுதித் தருவேன். இல்லாவிட்டால் ஒரு மாதத்துக்கு எழுதி, "கேட்டுக்கொண்டு வாருங்கள்" என்பேன்.

எல்லா மருந்தையும் ஒரே கால அளவுக்கு எழுதுவதும் சரியில்லை. நிலையாக இருக்கும் பி.பி., கொழுப்பு மாத்திரைகளுக்கு மூன்று மாதம் சரி. டெல்மிசார்ட்டன் மாதிரியான பி.பி. மாத்திரையை ஆரம்பித்தாலோ அளவு கூட்டினாலோ ஒன்று, இரண்டு வாரத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் நீண்ட சீட்டு. அசிட்ரோமை ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்ற பரிசோதனை) பார்க்காமல் திரும்ப எழுதவே கூடாது.

இதய மருத்துவரிடம் ஒவ்வொரு முறையும் நேரில் போக வேண்டும் என்பதில்லை. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி, நேரில் பார்த்து ஆறு மாதத்துக்குள், அதே மருத்துவர், அதே நோய்க்கு என்றால் அது தொடர் ஆலோசனை; தொலைபேசியிலேயே மறு சீட்டு தரலாம். அந்தச் சீட்டிலும் கையொப்பமும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். வாட்ஸப்பில் "ஓகே கன்டினியூ" என்று வந்த பதிலைக் கடையில் காட்டிப் பயனில்லை.

உங்கள் அப்பாவின் மாத்திரைகளை அட்டையில் அச்சிட்டிருக்கும் பெயரோடு இங்கே போடுங்கள். நாலு இடம் என்றாலே எனக்கு ஒரு சந்தேகம் வரும்.

மணிக்கூண்டு

ரொம்ப நன்றி டாக்டர் சார். அட்டையைப் பார்த்து எழுதுறேன்.

இதய டாக்டர்: எக்கோஸ்பிரின் கோல்டு 20 இரவு, க்ளோபிலெட் 75 மதியம், மெட்டோபிரோலால் 25 காலை, பான்டோபிரசோல் 40 காலை வெறும் வயித்துல.
குடும்ப டாக்டர்: டெல்மா ஏஎம் காலை, மெட்ஃபார்மின் 1000 காலை, இரவு, கிளிமிபிரைடு 1 காலை.
மக்களைத் தேடி மருத்துவம்: அம்லோடிபின் 5 இரவு.
கிட்னி டாக்டர்: டார்செமைடு 10 காலை. சாயங்காலமானா ரெண்டு கால்லயும் வீக்கம் இருக்குன்னு கொடுத்தது.
முட்டி வலிக்கு அசிக்ளோஃபெனாக். இது யாரும் எழுதல, மெடிக்கல்ல கேட்டு வாங்குறது. வாரத்துக்கு மூணு, நாலு.

தெருமுனை டாக்டர்

சந்தேகப்பட்டது சரிதான். முதலில் அவசரமானது.

எக்கோஸ்பிரின் கோல்டு 20 என்பது மூன்று மருந்து சேர்ந்தது: ஆஸ்பிரின் 75, க்ளோபிடோகிரெல் 75, அடோர்வாஸ்டேட்டின் 20. க்ளோபிலெட் 75 என்பதும் க்ளோபிடோகிரெல்தான். ஆக ஒரே மருந்து ஒரு நாளைக்கு இரண்டு முறை போகிறது. டிஸ்சார்ஜ் ஆகும்போது தனித்தனியாகக் கொடுத்து, பிறகு வெளிநோயாளிப் பிரிவில் கூட்டு மாத்திரைக்கு மாற்றி, பழைய அட்டையை நிறுத்தச் சொல்ல விட்டுப்போவது அடிக்கடி நடப்பது. வேண்டுமென்றே இரட்டிப்பாகக் கொடுப்பது அபூர்வம். இரண்டு அட்டையையும் படம் எடுத்து இன்றைக்கே அந்த இதயப் பிரிவைத் தொலைபேசியில் கேளுங்கள். எதை நிறுத்துவது என்பதை அவர்கள் சொல்லட்டும். நீங்களாக முடிவெடுத்து இரண்டையும் நிறுத்திவிடாதீர்கள், அது இதைவிட ஆபத்து. மலம் கறுப்பாகப் போனாலோ, ஈறில், சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ தொலைபேசியில் நேரம் போக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

அடுத்தது, டெல்மா ஏஎம். டெல்மிசார்ட்டன் 40, அம்லோடிபின் 5 இரண்டும் சேர்ந்தது. வீட்டுக்கு வரும் அம்லோடிபின் 5 தனி. மொத்தம் 10 மி.கி. அம்லோடிபினுக்குக் கணுக்காலில் வீக்கம் வருவது தெரிந்த பக்கவிளைவு, அளவு கூடினால் வீக்கமும் கூடும். கிட்னி மருத்துவருக்கு வீட்டுக்கு வரும் மாத்திரை பற்றித் தெரிந்திருக்காது. அவர் கண்ணுக்குத் தெரிந்தது 1.8ம் கால் வீக்கமும்தான். நீர் பிரிய டார்செமைடு கொடுத்துவிட்டார். வீக்கத்துக்கு கிட்னியும் காரணமாக இருக்கலாம், இதயமும் காரணமாக இருக்கலாம். ஆனால் முதலில் கேட்க வேண்டியது இந்த அம்லோடிபினைப் பற்றி.

மூன்றாவது அசிக்ளோஃபெனாக். உங்கள் பட்டியலில் யாரும் எழுதாத ஒரே மாத்திரை, கிட்னிக்கு அதிகம் கெடுதல் செய்வதும் அதுவே. டெல்மிசார்ட்டன், டார்செமைடு, வலி மாத்திரை மூன்றும் ஒரே உடம்பில் சேர்ந்தால் கிட்னிக்குள் வடிகட்டும் அழுத்தம் மூன்று பக்கமும் அடிபடும். இதய நோயாளிக்கும் அது ஆகாது. ஆஸ்பிரினோடு சேர்ந்து வயிற்றில் புண்ணும் போடும். முட்டி வலிக்கு என்ன போடலாம் என்று குடும்ப மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, இதைக் கடையில் கேட்டு வாங்குவதை இன்றோடு விடுங்கள்.

மெட்ஃபார்மின்: 64 வயது ஆணுக்கு 1.8 என்றால் கிட்னி வடிகட்டும் அளவு சுமார் 41. முப்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவில் இருந்தால் பொதுவாக நாளுக்கு 1000 மி.கி.க்கு மேல் போவதில்லை; முப்பதுக்குக் கீழே போனால் நிறுத்திவிடுவோம். இவருக்கு 2000 போகிறது. கிட்னி பலவீனமானால் கிளிமிபிரைடாலும் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். அந்த 1.8 ரிப்போர்ட் குடும்ப மருத்துவர் கைக்குப் போயிருக்கிறதா? போயிருந்தால் இந்த அளவு இப்படியே இருந்திருக்காது. நாளைக்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பான்டோபிரசோலைப் பொறுத்தவரை குறை இல்லை. இரண்டு ரத்தம் இளக்கி மாத்திரை போகும்வரை வயிற்றுப் பாதுகாப்புக்கு அது வேண்டும். க்ளோபிடோகிரெல் இருக்கும்போது ஓமிபிரசோலுக்கு மாற்றாதீர்கள், அது க்ளோபிடோகிரெலின் வேலையைக் குறைக்கும்.

செவிலி ராயபுரம்

டாக்டர் சொன்னதுல ஒண்ணு சேர்க்கறேன். மக்களைத் தேடி மருத்துவத்துல வர்றவங்க முக்கியமா பி.பி., சர்க்கரை மாத்திரைதான் கொண்டுவர்றாங்க. அவங்க கையில இருக்கிறது அவங்க பதிவு மட்டும். வெளியில என்ன வாங்குறீங்கன்னு நீங்க காட்டினாத்தான் தெரியும். "வருதே, வேண்டாம்னு சொல்வானேன்"னு வாங்கி வெச்சுக்கிறதுதான் வினை. ஒரு மருந்துக்கு ஒரு வாசல்னு வெச்சுக்கோங்க. அம்லோடிபின் வீட்டுக்கு வர்றதையே எடுத்துக்கணும்னா, குடும்ப டாக்டர்கிட்ட சொல்லி டெல்மா ஏஎம்முக்குப் பதிலா வெறும் டெல்மிசார்ட்டன் எழுதி வாங்கலாம். கூட்டு மாத்திரையே போதும்னா, அடுத்த தடவை வர்றவங்ககிட்ட அதைக் காட்டி பதிவை மாத்தச் சொல்லுங்க. அரசு மாத்திரையும் கடை மாத்திரையும் நிறம், வடிவம் வேற வேறயா இருக்கும். அதனாலதான் ஒரே மருந்துன்னு பெரியவங்களுக்குத் தோணவே தோணாது.

எல்லாத்தையும் ஒரே தேதிக்குக் கொண்டுவர வழி: மாசத்துல ஒரு நாள் குறிச்சுக்கோங்க, 5ஆம் தேதின்னு வெச்சுக்குவோம். அன்னைக்கு அட்டையெல்லாம் தரையில பரப்பி எண்ணுங்க. 30 நாளோட கைக்காவலா 5 நாள் சேர்த்து 35 நாளுக்குக் கணக்கு. தினம் ஒண்ணு போடற மாத்திரை கையில 12 இருந்தா வேண்டியது 23. தினம் ரெண்டு போடறது 22 இருந்தா, எழுபதுல 22 போக 48. சில மாத்திரை அட்டைக்கு 10, சிலது 14, சிலது 15. அதனால 23 வேணும்னா 15 மாத்திரை அட்டையா ரெண்டு வாங்கினா 7 மிஞ்சும், அடுத்த மாசக் கணக்குல அதைக் கழிச்சுக்கலாம். ரெண்டு மாசத்துல எல்லாம் ஒரே வாரத்துக்குள்ள வந்து நிக்கும். அதுக்கப்புறம் சீட்டு எழுதற அன்னைக்கு இந்த எண்ணிக்கையைச் சொன்னா டாக்டர் அதையே மொத்த எண்ணிக்கையா எழுதிடுவார்.

அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் 5 நாள் கைக்காவல் போதாது, 15 நாளா வையுங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் அடிச்சப்போ வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை பக்கமெல்லாம் தண்ணி நின்னது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். சீட்டு நகலோட சேர்த்து ரெண்டு பிளாஸ்டிக் கவர்ல கட்டி பரண் மேல.

மாத்திரை அட்டை

அட்டையை வெட்டித் தரும்போது ஒண்ணு கவனிங்க. காலாவதித் தேதி பெரும்பாலும் அட்டையோட ஒரு ஓரத்துல மட்டும்தான் அச்சாகியிருக்கும். வெட்டுன துண்டுல தேதியும் இருக்காது, சிலதுல பேரே பாதிதான் இருக்கும். பில்லுல பேட்ச் எண்ணும் காலாவதியும் இருக்கும், அந்தப் பில்லைத் துண்டோட சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு வையுங்க. பேரு பாதி போன துண்டை வெச்சு "இதே மாத்திரை கொடுங்க"ன்னு கேட்கிற இடத்துலதான் டெல்மா ஏஎம்மும் டெல்மா எச்சும் மாறிப்போகுது. முதல்ல இருக்கிறது அம்லோடிபின் சேர்ந்தது, ரெண்டாவது நீர் பிரியற மருந்து சேர்ந்தது. அட்டை பார்க்க ஒரே குடும்பம்.

கடல்காத்து (காசிமேடு)

அண்ணே, இதுலயே ஒரு கேள்வி கேட்டுக்கறேன். வீட்டுக்காரர் விசைப்படகுல போறவர், ஒரு தடவை போனா பத்து நாள் ஆகும். சர்க்கரைக்கு மாத்திரையும் ராத்திரி இன்சுலினும் இருக்கு. சீட்டுல 1-0-1னு போட்டிருக்கு, கடல்ல காலை எது ராத்திரி எதுன்னே இல்ல. இன்சுலினை ஐஸ்லயே வெச்சுக்கலாமா?

மாத்திரை அட்டை

ஐஸ் மேல நேரா வைக்கவே கூடாதும்மா. இன்சுலின் ஒரு தடவை உறைஞ்சா போச்சு, உருகினதுக்கு அப்புறமும் அது வேலை செய்யாது, பார்க்க நல்லாத்தான் இருக்கும். மீன் ஐஸ் பெட்டிக்குள்ள வைக்கிறதே வேண்டாம். பயன்படுத்திட்டு இருக்கிற பேனா பொதுவா 30 டிகிரிக்குள்ள நாலு வாரம் தாங்கும். எந்த வகைன்னு அட்டைப்பெட்டியில பார்த்துக்கோங்க, வகைக்கு வகை மாறும். சின்ன பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு, ஈரத்துணி சுத்தி, வெயில் படாத கேபின் பக்கம். இன்ஜின் அறைப் பக்கம் வேண்டாம். திறக்காத இன்னொரு பேனா கைக்காவலா எடுத்துட்டுப் போறதா இருந்தா, அதை ரெண்டு துண்டுல சுத்தி, மூடின டப்பாவுல, ஐஸ் பெட்டிக்கு வெளிய, ஐஸ்ல இருந்து ஒரு சாண் தள்ளி.

1-0-1 விஷயத்தை டாக்டர்கிட்ட இப்படிக் கேளுங்க: "இவர் விடியற்காலை ரெண்டு மணிக்கு வலை இழுத்துட்டு எட்டு மணிக்குத்தான் சாப்பிடுவார், மாத்திரை எந்தச் சாப்பாட்டுக்கு?" கிளிமிபிரைடு மாதிரி இருந்தா கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது, சோத்தைத்தான் பார்க்கணும். சாப்பாடு தள்ளிப்போனா அந்த மாத்திரையும் தள்ளணும், இல்லன்னா நடுக்கடல்ல கை நடுங்கி வேர்த்துக் கொட்டும். குளுக்கோஸ் பாக்கெட் நாலு பையில இருக்கட்டும், பக்கத்துல இருக்கிற ஆளுக்கும் அது எங்க இருக்குன்னு தெரியணும்.

பத்து நாள் பயணத்துக்கு 15 நாள் மாத்திரை கட்டிக் கொடுங்க, சீட்டுலயும் அந்தக் கணக்குல எண்ணிக்கை எழுதச் சொல்லுங்க. கண் பரிசோதனை, கால் பரிசோதனை, மூணு மாச சராசரி சர்க்கரை, கிரியேட்டினின் எல்லாத்தையும் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் இருக்கிற மீன்பிடித் தடைக்காலத்துல வெச்சுக்கோங்க. 61 நாள் கரையிலதான் இருப்பார், அளவு மாத்தினாலும் ரெண்டு வாரம் பார்த்துட்டுக் கடலுக்கு அனுப்பலாம்.